டெலிவரி ஆப் திரையில் கோளாறா? ரைடர் சொல்லும் அறிகுறியை வைத்துப் பிடிக்கும் வழி

பார்சலைப் பிரித்து ரைடர்களிடம் கொடுக்கும் ஹப்பிலிருந்து வரும் புகார் பெரும்பாலும் ஒரே வரிதான்: "ஆப் சரியில்ல சார்." அதை வைத்துக்கொண்டு யாரும் எதையும் சரிசெய்ய முடியாது. கொஞ்சம் கிளறிக் கேட்டால்தான் "வெயில்ல தெரியல", "ஒண்ணை அமுக்குனா இன்னொண்ணு ஆகுது" என்று உருப்படியான வாக்கியம் வெளியே வரும். கீழே உள்ளவை அப்படி வருகிற வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் எதைச் சோதிப்பது, எதை மாற்றுவது என்று எழுதியிருக்கிறேன். பார்சல் கொண்டுபோகும் ரைடர்களின் சாதாரண ஆண்ட்ராய்டு போனுக்கும், ஸ்கேனர் வைத்த கைக்கருவிக்கும் பெரும்பாலானவை பொருந்தும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "ரைடர் கவனிக்காமல் அமுக்கிவிட்டார்" என்று எழுதி டிக்கெட்டை மூடுவது சுலபம். ஒரே தவறு ஒரே இடத்தில் பல பேருக்கு நடந்தால் அது திரையின் கோளாறுதான், ஆளின் கோளாறு இல்லை.

எதையும் மாற்றுவதற்கு முன்

ரைடரிடம் மூன்று விஷயம் கேளுங்கள். என்ன போன், அதில் ஆண்ட்ராய்டு எத்தனை? எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கிறாரா? கடைசியாக, இது எப்போது நடக்கிறது: வண்டி ஓடும்போதா, ஓரமாக நிறுத்திய பிறகா, வாசலில் பெல் அடித்துவிட்டு நிற்கும்போதா? மூன்றாவது கேள்விக்குத்தான் மதிப்பு அதிகம். வண்டியில் போகும்போது கண்ணுக்கு நேரமில்லை. ஓரமாக நின்றால் இரண்டு கையும் ஓரளவு காலி. வாசலில் ஒரு கையில் பார்சல், மறு கையில் போன். இந்த மூன்று நிலைக்கும் ஒரே திரை போதும் என்று வரைந்திருந்தால் கோளாறு அங்கேயே தொடங்கிவிடுகிறது.

அப்புறம், கேட்டதை மட்டும் நம்பாமல் கண்ணால் பாருங்கள். செட்டிங்ஸில் 'பில்ட் நம்பர்' வரியை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் 'ஷோ டாப்ஸ்' என்பதைப் போட்டால் விரல் பட்ட இடத்தில் வட்டம் தெரியும். கூடவே ஸ்க்ரீன் ரெக்கார்டரை ஓடவிட்டு, சில டெலிவரிகளை அப்படியே பதியச் சொல்லுங்கள். பட்டன் எங்கே இருக்கிறது, கட்டை விரல் எங்கே விழுகிறது என்பது அந்த வீடியோவில் அப்பட்டமாகத் தெரிந்துவிடும். அதில் வாடிக்கையாளர்களின் முகவரியும் போன் நம்பரும் இருக்கும் என்பதால் பார்த்து முடித்ததும் அழித்துவிடுங்கள். டெவலப்பர் ஆப்ஷன்ஸையும் மறக்காமல் மூடுங்கள். அது திறந்திருந்தால் சில வங்கி ஆப்கள் அடம் பிடிக்கும், பணம் வாங்க வேண்டிய நேரத்தில் ரைடர் மாட்டிக்கொள்வார்.

"வெயில்ல ஒண்ணுமே தெரியல"

வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள்: ஆபீஸ் வெளிச்சம் 300 முதல் 500 லக்ஸ். நேரடி வெயில் ஒரு லட்சம் லக்ஸ் வரை போகும். அந்த வெளிச்சம் கண்ணாடியில் பட்டுத் திரும்பி, திரையின் கறுப்பு வெள்ளை இரண்டின் மேலும் ஏறிக்கொள்கிறது. கறுப்பு சாம்பலாகிவிடும். ஏற்கெனவே சாம்பலாக இருந்த எழுத்து இருந்த இடம் தெரியாமல் போகும். ஏசி அறையில் உட்கார்ந்து 'நாகரிகமாக' இருக்கிறது என்று தேர்ந்தெடுத்த வெளிர் சாம்பல் எழுத்துதான் இங்கே முதல் குற்றவாளி.

முதலில் ஒரு கேள்வி: காலையிலிருந்தே தெரியவில்லையா, மதியத்துக்கு மேல்தானா?

காலையிலிருந்தே என்றால் நிறத்தைப் பாருங்கள். சாதாரண எழுத்துக்கு எழுத்தும் பின்னணியும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற ஒளி வேறுபாட்டில் இருக்க வேண்டும் என்கிறது இணைய அணுகல் தரநிலை. அது பொதுவான குறைந்தபட்சம். தெருவில் பார்க்கிற திரைக்கு அதே தரநிலையின் உயர் வரம்பான 7-க்கு 1 என்பதையே அடிமட்டமாக வையுங்கள். வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து, வேலை முடிந்தது. வாசல் எண், பணத் தொகை இரண்டும் தடித்த எழுத்தில் வரட்டும்.

மதியத்துக்கு மேல்தான் என்றால் இரண்டு சந்தேகம். ஒன்று, சூடு. சித்திரை வெயிலில் ஹேண்டில்பார் மவுண்டில் மணிக்கணக்கில் கிடக்கிற போன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வெளிச்சத்தைத் தானே குறைத்துவிடும், எவ்வளவு தள்ளினாலும் ஏறாது. இரண்டு, பேட்டரி சேவர். ஆண்ட்ராய்டு 10-லிருந்து சில போன்களில் பேட்டரி சேவர் ஓடத் தொடங்கினால் டார்க் தீமும் (கறுப்புப் பின்னணி) சேர்ந்து வரும். உங்கள் ஆப் போனின் தீமைப் பின்பற்றினால், சார்ஜ் குறைந்த நேரத்தில் திரை கறுப்பாகிவிடும். வெயிலில் கறுப்புத் திரை முகம் பார்க்கத்தான் உதவும். இரண்டையும் பிரித்தறிவது எளிது: நிறம் அப்படியே இருந்து மங்கலாக இருந்தால் சூடு, பின்னணியே கறுப்பானால் பேட்டரி சேவர்.

இரண்டாவதற்கு மருந்து ஆப்பிலேயே இருக்கிறது. பகலில் எப்போதும் வெள்ளைத் தீம் என்று கட்டிப்போடுங்கள். ஓலெட் திரையில் கொஞ்சம் சார்ஜ் கூடச் செலவாகும், உண்மைதான். ஆனால் படிக்க முடியாத திரையில் சார்ஜை மிச்சம் பிடித்து என்ன செய்வது? சூட்டுக்கு மென்பொருளில் மருந்து குறைவு. வரைபடத்தை எப்போதும் ஓடவிடாமல், திருப்பம் வரும்போது மட்டும் திரையை ஏற்றினால் ஓரளவு தணியும். மவுண்டை நிழல் விழும் பக்கம் சாய்த்து வைப்பதும் பலன் தரும்.

இன்னொன்று: ரைடர் போலரைஸ்டு கூலிங் கிளாஸ் போட்டிருந்தால் சில எல்சிடி திரைகள் ஒரு கோணத்தில் முழு இருட்டாகத் தெரியும். போனைத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். திருப்பியதும் தெரிந்தால் ஆப்பில் எதையும் தொட வேண்டாம்.

"அமுக்குனது ஒண்ணு, ஆனது வேற"

புகார்களிலேயே விலை அதிகமான புகார் இதுதான். 'கஸ்டமர் இல்லை' என்று ஒரு தட்டல் தவறிப் போனால், வீட்டில் காத்திருக்கிறவருக்கு "டெலிவரி செய்ய முயன்றோம்" என்று குறுஞ்செய்தி போகும். அவர் கொதித்துப் போய் அழைப்பார். ரைடர் மேல் ஃபேக் அட்டெம்ப்ட் (போகாமலே போனதாகப் பொய்ப் பதிவு) என்று பெயர் விழும். காரணம் நான்கில் ஒன்றாக இருக்கும், வீடியோவைப் பார்த்தால் எது என்று புரிந்துவிடும்.

முதல் காரணம், நெருக்கம். 'டெலிவர்டு' பட்டனும் 'கஸ்டமர் இல்லை' பட்டனும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே அளவில், ஒரே நிறத்தில் நிற்கின்றன. ஆண்ட்ராய்டு வழிகாட்டி தொடும் இடத்துக்குச் சொல்லும் குறைந்தபட்ச அளவு 48 டி.பி. (டி.பி. என்பது ஆண்ட்ராய்டின் திரை அளவு அலகு). 160 டி.பி. ஓர் அங்குலம் என்ற கணக்குப்படி அது ஏழரை மில்லிமீட்டர் சொச்சம்தான். உட்கார்ந்து நிதானமாகப் பார்க்கிறவருக்கு அது போதும். வியர்த்த கட்டை விரலோடு மாடிப்படியில் நிற்கிறவருக்குப் போதாது. முக்கியமான பட்டனை 64 டி.பி. உயரத்துக்கு ஏற்றுங்கள், அதாவது ஒரு சென்டிமீட்டர். அகலம் திரை முழுக்க. 'கஸ்டமர் இல்லை', 'வாங்க மறுத்தார்' போன்றவற்றை அதன் பக்கத்தில் வைக்காதீர்கள். 'கொடுக்க முடியவில்லை' என்று ஒரே வரி சிறிதாக மேலே இருக்கட்டும், அதைத் தட்டினால் காரணங்கள் திறக்கட்டும்.

ஸ்டீவன் ஹூபர் என்ற வடிவமைப்பாளர் 2013-இல் பொது இடங்களில் 1,333 பேர் போன் பிடிப்பதைக் கவனித்து எழுதினார். அதில் திரையைத் தொட்டு இயக்கிக்கொண்டிருந்தவர்களில் 49 சதவீதம் பேர் ஒரே கையால் பயன்படுத்தினார்கள். பார்சலோடு வாசலில் நிற்கும் ரைடருக்கு வேறு வழியே இல்லை. அதனால் அந்த நேரத்தில் தட்ட வேண்டியது எல்லாம் திரையின் கீழ்ப்பாதியில் இருக்க வேண்டும். பெரிய திரை போனில் மேல் மூலையில் இருக்கும் 'சேமி' பட்டனைத் தட்ட, பார்சலைத் தரையில் வைக்க வேண்டியிருக்கும். அல்லது அக்குளில் இடுக்க வேண்டியிருக்கும், பெரும்பாலும் அதுதான் நடக்கும்.

"நிச்சயமா?" என்று கேட்கும் பெட்டி தீர்வாகாது. இரண்டாவது நாளே விரல் அதைப் படிக்காமல் தட்டப் பழகிவிடும். தட்டிய பிறகு சில நொடிகள் 'திரும்பப் பெறு' என்று ஒரு பட்டை கீழே நிற்கட்டும், குறுஞ்செய்தி அந்த நொடிகள் கழிந்த பிறகே போகட்டும்.

இரண்டாவது காரணம், பட்டியல் குதிப்பது. ரைடர் ஐந்தாவது வரியைத் தட்டப் போகிறார். அந்த நேரம் பார்த்துப் புது பிக்கப் ஒன்று மேலே வந்து சேர்கிறது, எல்லா வரியும் ஒரு படி இறங்குகிறது, விரல் நாலாவது ஆளின் மேல் விழுகிறது. வீடியோவை மெதுவாக ஓட்டினால்தான் இது கண்ணில் படும். பட்டியல் திறந்திருக்கும்போது வரிசையை மாற்றாதீர்கள். 'புதிது 2' என்று மேலே ஒரு பட்டை வரட்டும், அவர் தட்டும்போது பட்டியல் மாறட்டும்.

மூன்றாவது, 'தள்ளி உறுதிசெய்' வகைப் பட்டன். ஆண்ட்ராய்டு 10 முதல், ஜெஸ்ச்சர் நேவிகேஷன் (பட்டனுக்குப் பதில் விரலைத் தள்ளி நகர்வது) வைத்த போனில் திரையின் ஓரத்திலிருந்து உள்ளே தள்ளினால் 'பின்னே போ' என்று அர்த்தம். இடது ஓரத்தை ஒட்டித் தொடங்கும் ஸ்லைடரை ரைடர் தள்ளுவார், ஆப் முந்தைய பக்கத்துக்குப் போய்விடும். அவர் மறுபடி வருவார், மறுபடி தள்ளுவார். ஓரத்தில் கொஞ்ச இடத்தை விலக்கச் சொல்லிச் சிஸ்டத்திடம் கேட்க வழி உண்டு, ஆனால் ஓர் ஓரத்துக்கு 200 டி.பி. உயரம்தான் தருவார்கள். அதைவிட ஸ்லைடரை ஓரத்திலிருந்து நன்றாக உள்ளே தள்ளி வையுங்கள். என்னைக் கேட்டால் ஸ்லைடரே வேண்டாம், ஒரு நொடி அழுத்திப் பிடிக்கும் பட்டன் போதும். மழையிலும் அதுதான் தேவலை.

நான்காவது, மழை. தொடுதிரை விரலின் மின்தன்மையை வைத்து வேலை செய்வது. தண்ணீரும் மின்சாரம் கடத்துவதால் துளி விழுந்த இடத்தையும் விரல் என்றே அது நினைக்கும். ஐப்பசி கார்த்திகையில் சென்னையில் இது தினசரிக் கதை. பாலிதீன் கவரில் போனைப் போட்டால் வேறு தொல்லை: கவர் தொளதொளவென்று இருந்தால் தொடுவது ஏறாது. ஸ்கேனர் கைக்கருவிகளில் பக்கவாட்டு பட்டன் இருக்கும், அந்தத் திரையின் முக்கியமான வேலையை அதற்குக் கொடுத்துவிடுங்கள். சாதாரண போனில், ஒரே நேரத்தில் பல இடத்தில் தொடுதல் வந்தால் அதை ஒதுக்கித்தள்ளச் சொல்லலாம். பட்டன்களுக்கு நடுவே இடைவெளியையும் கூட்டுங்கள். மழையில் யாரும் எதையும் டைப் செய்ய வேண்டிவரக் கூடாது.

"பட்டனையே காணோம்"

ஆப் புதுப்பித்த மறுநாள் இந்தப் புகார் வந்தால், போனில் ஆண்ட்ராய்டு 15 அல்லது அதற்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பதிப்பைக் குறிவைத்துக் கட்டிய ஆப்கள் திரையின் விளிம்பு வரை பரவியே ஆக வேண்டும். மேலே கீழே இருக்கும் சிஸ்டம் பட்டைகளுக்கு இடம் விடுவது இப்போது ஆப்பின் பொறுப்பு. விடவில்லை என்றால் அடியில் இருக்கும் பட்டன் நேவிகேஷன் பட்டையின் கீழே போய் ஒளிந்துகொள்ளும். மூன்று பட்டன் நேவிகேஷன் வைத்திருக்கும் போனில்தான் நன்றாக மறையும். சோதிக்கிறவர் ஜெஸ்ச்சர் வைத்திருந்தால் அவர் கண்ணில் படவே படாது.

ஓ.டி.பி. போடும் திரையில் மட்டும் காணோம் என்றால் கீபோர்டு மூடியிருக்கிறது. கீபோர்டு வந்ததும் திரை சுருங்கும்படி வைத்து, பட்டனை அதன் தலைக்கு மேல் ஏற்றுங்கள். எண் கீபோர்டு மட்டும் வரட்டும். கடைசி எண் விழுந்ததும் தானாகச் சரிபார்த்துவிட்டால் பட்டனுக்கே வேலையில்லை.

சிலருக்கு மட்டும் காணோம் என்றால் எழுத்தின் அளவுதான். நாற்பதைத் தாண்டிய ரைடர்கள் எழுத்தை மிகப் பெரிதாக வைத்திருப்பார்கள், ஆண்ட்ராய்டு 14 அதை 200 சதவீதம் வரை விடுகிறது. உயரத்தை எண்ணால் கட்டிப்போட்ட பெட்டிகளில் எழுத்து பாதியோடு நிற்கும், கீழே இருப்பவை திரைக்கு வெளியே போய்விடும். 'எழுத்தைச் சின்னதா வைங்கண்ணே' என்று பதில் சொல்வதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள். பெட்டி எழுத்தோடு வளரட்டும், திரை உருளட்டும், முக்கியமான பட்டன் மட்டும் அடியில் நிலையாக நிற்கட்டும்.

"அட்ரஸ் பாதிதான் வருது"

இதில் இரண்டு வகை. முகவரியின் கடைசியில் கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறியோ, எழுத்தில்லாத புள்ளிவட்டமோ தெரிந்தால் அது திரைப் பிரச்சினை இல்லை, சர்வரில் வெட்டியிருக்கிறார்கள். கணினி எழுத்தைச் சேமிக்கும் யூ.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட் பிடிக்கும், 'கொ' போன்ற உயிர்மெய்க்கு 'க'வும் உயிர்க்குறியுமாகச் சேர்ந்து ஆறு. நூறு பைட் என்று வைத்த இடத்தில் முப்பத்து மூன்று குறியீடுதான் அடங்கும், முப்பத்து நாலாவது நடுவில் அறுபடும். சர்வர் ஆட்களிடம் அனுப்பிவிடுங்கள்.

முகவரி மூன்று புள்ளியோடு முடிந்தால் அது நம் வேலை. மேற்கத்திய நாட்டு முகவரிக்கு வரைந்த கட்டம் அது. அங்கே எண்ணும் தெருவும் முதல் வரியில் முடிந்துவிடும், மீதி வெட்டுப்பட்டாலும் பாதகமில்லை. நம் ஊர் முகவரி எப்படி இருக்கும்?

'பழைய எண் 14, புதிய எண் 31, இரண்டாவது மாடி, 3வது குறுக்குத் தெரு, மேற்கு மாம்பலம், சென்னை, தமிழ்நாடு, இந்தியா 600033, பெருமாள் கோயில் பின்புறம், பச்சை கேட்.'

இரண்டு வரியில் வெட்டினால் 'சென்னை, தமிழ்நாடு...' என்று நிற்கும். ரைடருக்கு உண்மையில் வழி காட்டும் பச்சை கேட் புள்ளிகளுக்குள் போய்விட்டது. மாநிலத்தின் பெயரும் நாட்டின் பெயரும் அவர் பட்டியலில் இருக்கும் எல்லா வரியிலும் ஒன்றுதான், அவற்றால் பைசா பிரயோஜனமில்லை.

ஆகவே எழுத்தைச் சின்னதாக்கி முழுவதையும் திணிக்க வேண்டாம். சென்னை, தமிழ்நாடு, இந்தியா மூன்றையும் எடுத்துவிடுங்கள். 1972-இல் வந்த ஆறு இலக்க பின்கோடில் சென்னை ரைடருக்கு 600 என்பது மாறவே மாறாது. பழைய கடிதங்களில் 'சென்னை-33' என்று எழுதிய மாதிரி வால் மட்டும் போதும். இதில் மிச்சமாகிற இடத்தில் அடையாளக் குறிப்பு தனி வரியாக, தடித்து வரட்டும். புதிய எண் பெரிதாக, பழைய எண் அதன் பக்கத்தில் சிறிதாக. பழையதை அடியோடு எடுத்துவிடாதீர்கள்: சுவரில் இன்னும் அதையே வைத்திருக்கிற வீடுகள் ஏராளம். மாடியைத் தனியாகப் பிரிக்க முடிந்தால் பிரியுங்கள், படியேறும்போது பார்ப்பது அதைத்தான்.

முகவரி ஒரே நீளச் சரமாகத்தான் வருகிறது, பிரிக்க முடியவில்லை என்றால் வெட்டாமல் முழுதாகக் காட்டுங்கள். பட்டியலில் வேண்டுமானால் சுருக்கலாம், திறந்த திரையில் சுருக்கக் கூடாது.

இதோடு சேர்ந்த இன்னொரு புகார், "பையில பார்சலைத் தேடுறதுக்குள்ள நேரம் போயிடுது." பல ரைடர்கள் காலையில் ரன்ஷீட்டைப் (அன்றைய டெலிவரிப் பட்டியல்) பார்த்து ஒவ்வொரு பார்சலிலும் மார்க்கரில் வரிசை எண் எழுதிவிடுவார்கள். அந்த எண் திரையின் மேல் மூலையில் பெரிதாக இருந்தால் தேடல் பாதியாகிவிடும். நீளமான ஏ.டபிள்யூ.பி. எண்ணைக் (பார்சலின் கண்காணிப்பு எண்) காட்டியே ஆக வேண்டுமென்றால் கடைசி நாலு இலக்கத்தைத் தடிமனாக்குங்கள், மனிதர்கள் ஒத்துப்பார்ப்பது அதை மட்டும்தான். அப்புறம், போகும் வழியைச் சுருக்க எண்களை வரிசைமாற்றும் 'ரூட் ஆப்டிமைசேஷன்' நடுப்பகலில் ஓடினால் மார்க்கர் எண் எல்லாம் வீண். காலை எண் அப்படியே நிற்கட்டும், போகும் வரிசை மட்டும் மாறட்டும்.

"தமிழ்ல வச்சா கலைஞ்சு போகுது"

ஆங்கிலத்தில் வரைந்து முடித்த திரையில் கடைசியில் தமிழைக் கொட்டினால் வருவது இது. முதலில் உயரம். தமிழ் எழுத்து மேலும் கீழும் அதிகமாக நீளும். வரி உயரத்தை இறுக்கி வைத்த பெட்டியில் மேலே புள்ளி வெட்டுப்பட்டு 'க்' என்பது 'க' ஆகும், கீழே கால் வெட்டுப்பட்டு 'பு' என்பது 'ப' ஆகும். எழுத்தளவைப் போல ஒன்றரை மடங்கு வரி உயரம் கொடுங்கள். ஆண்ட்ராய்டில் எழுத்தைச் சுற்றிய பேடிங்கை (காலி இடத்தை) யாராவது அணைத்து வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள், அணைத்திருந்தால் வெட்டு நிச்சயம்.

அடுத்து அகலம். இரண்டு பட்டனைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்த இடத்தில் 'ஒப்படைக்கப்பட்டது' அடங்காது, நடுவில் உடைந்து இரண்டாவது வரியில் ஒற்றை எழுத்து தொங்கும். பட்டன்களை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்குங்கள். வாசகத்தையும் ரைடர் பேசுகிற மாதிரி 'கொடுத்தாச்சு' என்று வைத்தால் இடப் பிரச்சினை பாதி தீர்ந்துவிடும்.

மூன்றாவது பலருக்குத் தோன்றாது. ஆங்கிலத் திரைகளில் தலைப்பையும் பட்டனையும் பெரிய எழுத்தில் எழுதித்தான் வேறுபடுத்துகிறார்கள். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது. தமிழுக்கு மாற்றியதும் தலைப்பு, பட்டன், சாதாரண வரி எல்லாம் ஒரே முகத்தோடு நிற்கும். எது தட்டக்கூடியது என்றே தெரியாது. தடிமன், அளவு, பட்டனுக்குப் பின்னணி நிறம் இந்த மூன்றால்தான் பிரிக்க வேண்டும். பட்டன் எழுத்துகளுக்கு இடையே போட்ட கூடுதல் இடைவெளியையும் தமிழுக்கு எடுத்துவிடுங்கள், அகலம்தான் வீணாகும்.

மொழியைத் தமிழாக மாற்றினாலும் வாடிக்கையாளர் ஆங்கிலத்தில் எழுதிய முகவரியை எழுத்துப்பெயர்க்காதீர்கள். சுவரில், பலகையில் ஒப்பிட்டுப் பார்க்க அவர் எழுதியது எழுதியபடியே வேண்டும்.

"ஸ்கேன் பண்ணா கீபோர்டு வந்து மறைக்குது"

ஸ்கேனர் கைக்கருவிகளில் மட்டும் வருவது. ஸ்கேன் செய்த எண் கீபோர்டில் தட்டியது போலக் கர்சர் நிற்கும் பெட்டியில் போய் விழுகிறது. கர்சர் 'குறிப்பு' பெட்டியில் இருந்தால் அங்கேதான் விழும். ஸீப்ரா கருவிகளில் டேட்டாவெட்ஜ் என்ற நிரலில் இந்த அமைப்பு இருக்கிறது. 'கீஸ்ட்ரோக்' வெளியீட்டை அணைத்து 'இன்டென்ட்' வெளியீட்டைப் போட்டால் எண் நேராக ஆப்புக்கு வரும், பெட்டியும் வேண்டாம், கீபோர்டும் வேண்டாம். மற்ற நிறுவனக் கருவிகளிலும் இதற்கு இணையான அமைப்பைத் தேடிப் பாருங்கள்.

"க்யூ.ஆர். எடுக்க மாட்டேங்குது"

பணம் வாங்கும் திரையில் க்யூ.ஆர். கறுப்புப் பின்னணியில் வெள்ளைக் கட்டமாக மாறியிருந்தால் சில ஸ்கேனர்கள் படிக்காது. டார்க் தீம் அதைத் தொடாதபடி செய்யுங்கள். சுற்றிலும் நாலு கட்ட அகலத்துக்கு வெள்ளை ஓரம் விட வேண்டும் என்பது க்யூ.ஆர். தரநிலை, அட்டைக்குள் நெருக்கி வைத்தால் அந்த ஓரம் போய்விடும். இந்தத் திரை வந்ததும் வெளிச்சம் முழுதாக ஏறட்டும், மூடியதும் பழைய அளவுக்கு இறங்கட்டும். தொகையை க்யூ.ஆருக்கு மேலே பெரிதாகக் காட்டுங்கள். போனை எதிரே நீட்டும்போது வாடிக்கையாளரும் அதைப் படிக்க வேண்டும்.

"கஸ்டமர்கிட்ட பேசும்போது அட்ரஸ் போயிடுது"

"எந்த பிளாக் மேடம்?" என்று கேட்கிற நேரத்தில் திரையை அழைப்பு பிடித்துக்கொள்கிறது, காதில் வைத்தால் அணைந்தும் விடுகிறது. அழைக்கும் பட்டனைத் தட்டிய உடனே வாசல் எண், மாடி, அடையாளம் இந்த மூன்றையும் மட்டும் ஓர் அறிவிப்பாக மேலே நிறுத்திவையுங்கள், இழுத்தால் தெரியும். சின்ன மிதக்கும் சாளரமும் செய்யலாம், ஆண்ட்ராய்டு 8 முதல் அதற்கு வசதி இருக்கிறது. அழைப்பு முடிந்ததும் பட்டியலுக்கு அல்ல, அதே ஆளின் திரைக்கே திரும்ப வேண்டும். இதை நிறைய ஆப்கள் கோட்டை விடுகின்றன.

"போய்க்கிட்டே பார்க்க வேண்டியிருக்கு"

இதைப் புகாராக யாரும் சொல்ல மாட்டார்கள், நீங்கள்தான் வண்டியைக் கவனிக்க வேண்டும். அமெரிக்காவின் சாலைப் பாதுகாப்பு அமைப்பு 2013-இல் வாகனத் திரைகளுக்கு வகுத்த வழிகாட்டியில் ஒரு பார்வை இரண்டு நொடிக்கு மேல் போகக் கூடாது, ஒரு வேலைக்கு மொத்தம் பன்னிரண்டு நொடிக்கு மேல் போகக் கூடாது என்று இருக்கிறது. காருக்குச் சொன்னது அது. நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு நொடி என்றால் இருபத்திரண்டு மீட்டர். பைக்கில், நம் சாலையில், அதுவே அதிகம். இங்கே மோட்டார் வாகனச் சட்டம் 184-ஆம் பிரிவு ஓட்டிக்கொண்டே கையில் போன் பயன்படுத்துவதை ஆபத்தான ஓட்டுதலில் சேர்க்கிறது.

வண்டி ஓடுகிறது என்று ஜி.பி.எஸ். காட்டினால் திரையில் அம்பும், தூரமும், அடுத்த எண்ணும் போதும். புது ஆர்டர் அறிவிப்பு வண்டி நின்ற பிறகு வரட்டும். 'ஏற்கிறாயா, மறுக்கிறாயா' என்று நொடிகளை எண்ணும் பெட்டியை ஓடுகிற வண்டியில் காட்டுவதற்கு எந்த நியாயமும் இல்லை. அடுத்த இடத்தைக் குரலில் சொல்லச் செய்யலாம், தமிழ்க் குரல் கூகுளின் பேச்சு எஞ்சினிலேயே இருக்கிறது. ஆனால் ஆங்கில எழுத்தில் இருக்கும் தெருப் பெயரை அது கடித்துத் துப்பும், ஆகவே வரிசை எண்ணையும் அடையாளத்தையும் மட்டும் படிக்கட்டும்.

சரிசெய்த பிறகு

ஒரு ஹப்புக்கு மட்டும் முதலில் விடுங்கள். 'நல்லா இருக்கா?' என்று கேட்டால் 'நல்லா இருக்கு சார்' என்றுதான் பதில் வரும். அதைவிட லாகில் (ஆப் தானாக எழுதிவைக்கும் பதிவில்) இரண்டு விஷயத்தைப் பாருங்கள்: நிலையை மாற்றிய சில நொடிகளுக்குள் எத்தனை பேர் பின்னே போகிறார்கள், 'கஸ்டமர் இல்லை' என்று போட்டவற்றில் எத்தனை அதே நாளில் 'டெலிவர்டு' ஆகின்றன. இரண்டும் இறங்கினால் மாற்றம் வேலை செய்கிறது.

பட்டனின் இடத்தை மாற்றினால் முதல் சில நாள் இரண்டும் ஏறத்தான் செய்யும். கட்டை விரல் பழைய இடத்துக்கே போகும். பழைய 'டெலிவர்டு' இருந்த இடத்தில் வேறு எந்தப் பட்டனையும் கொஞ்ச நாள் வைக்காமல் வெறுமையாக விடுங்கள், தவறிப்போகிற தட்டல் எதையும் செய்யாது. ஒரு தடவைக்கு ஒரு பட்டனை மட்டும் நகர்த்துங்கள். தீபாவளிக்கு முன்னால் வரும் தள்ளுபடி விற்பனை வாரங்களில் எதையும் நகர்த்தாதீர்கள், அப்போது பை நிரம்பி வழியும், புது ஆட்களும் சேர்ந்திருப்பார்கள், ஹப்பில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க யாருக்கும் நேரம் இருக்காது.